தூசியின் முகவரி

பம்பலப்பிட்டியில் மாலை வேளைகளில் என்னைச் சனல் பண்ணி வருகிறவர்கள் பெரும்பாலும் தடித்த கோப்போடு வருவார்கள். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மூன்று நான்கு வைத்தியர்களின் மருந்துத் துண்டுகள் எல்லாம் அதில் இருக்கும். எங்காவது ஓரிடத்தில் "கடுமையான ஆஸ்துமா" என்றும் எழுதியிருக்கும். நான் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்பேன். "கடையில" என்று பதில் வந்தால் என்ன கடை என்பேன். "சாமான் கடை" என்றால் எந்தச் சாமானை அவர் கையால் தொடுகிறார், எதை நிறுக்கிறார், எதைக் கொட்டுகிறார், எந்த மூட்டையின் மேல் சாய்ந்து சாப்பிடுகிறார் என்று விசாரணை நீளும். கூட வந்தவர் பொறுமையிழந்து, "டொக்டர், இவருக்கு மூச்சுத்தான் பிரச்சினை" என்று நினைவூட்டுவதும் உண்டு.

எங்கள் துறையில் "கடுமையான ஆஸ்துமா" என்று பெயர் வைப்பது சுலபம். உள்ளிழுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தை உயர்ந்த அளவில் கொடுத்து, அதற்குத் துணையாக இன்னொன்றைச் சேர்த்தும் தொய்வு அடங்கவில்லையென்றால் அப்படி எழுதிவிடலாம். நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கு இவ்வளவு மருந்துக்குப் பிறகும் நோய் இழுபறிதான். ஆனால் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா, சரியாக இழுக்கிறார்களா என்று பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சியவர்கள் 3.7 சதவீதமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்கிற மனிதர்களோடுதான் என் தொழில் வாழ்வின் பெரும்பகுதி போயிற்று. ஆராய்ச்சி என்று நான் செய்ததும் அவர்களைச் சுற்றித்தான்.

இந்த வழியில் என்னை இழுத்தது ஒரு சிறிய கட்டுரை. மருத்துவ பீட மாணவர்கள் பெரிய பெயர்களுக்கு அலைகிற வயதில், கின்சி வீதி நூலகத்தில் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் இன்டஸ்ட்ரியல் மெடிசின் என்ற சஞ்சிகையின் 1984ஆம் ஆண்டு இதழொன்று கைக்கு வந்தது. அதில் சி. ஜி. உரகொட கறுவாத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருந்தார். கொழும்பு மத்திய மார்புச் சிகிச்சை நிலையத்தில் காசநோயாளருக்கு நடுவே வேலை செய்த மார்பு வைத்தியர் அவர். நாற்பது பேரைப் பார்த்திருந்தார். அவர்களில் ஒன்பது பேருக்கு ஆஸ்துமா. தோல் எரிச்சல், தலைமயிர் உதிர்தல், கண் எரிவு என்று மற்றத் தொந்தரவுகளையும் எண்ணியிருந்தார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வேலைத்தலத்துக்குப் போய், ஆட்களோடு கதைத்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, கண்டதை ஒழுங்காக எழுதியிருந்தார். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இந்தத் தீவுக்கு இழுத்து வந்த பொருளை உரிக்கிறவனின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று அதுவரை யாரும் கணக்கெடுத்ததாக நான் படித்ததில்லை.

பிறகு அவருடைய மற்றக் கட்டுரைகளைத் தேடினேன். 1967இல் மிளகாய் அரைப்பவர்கள், 1970இல் தேயிலை தயாரிப்பவர்களின் ஆஸ்துமா, 1975இல் தும்புத் தொழிலாளர்கள், 1977இல் இலவம்பஞ்சுத் தொழிலாளர்கள், 1980இல் மறுபடி தேயிலைத் தூசி. இலங்கை எதை ஏற்றுமதி செய்ததோ, எதை அரைத்துத் தின்றதோ, எதில் தலைவைத்துப் படுத்ததோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறார். இத்தாலியில் 1700ஆம் ஆண்டு பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதியபோது, நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கச் சொன்னார். அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் முழுதாகக் கேட்டவர் உரகொட.

அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது மீன் விவகாரம். காசநோய்க்கு ஐசோனியசிட் குளிசை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தது, தலை இடித்தது, நெஞ்சு படபடத்தது. பார்த்த மாத்திரத்தில் அது மீன் ஒவ்வாமை. ஆனால் மருந்தை ஆரம்பிப்பதற்கு முன் அதே ஆட்கள் அதே மீனைச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தவர்கள். சூரை போன்ற மீன்கள் பிடிபட்டபின் குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்கிறது. நமது உடம்பில் உள்ள ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்த நொதியத்தை முடக்குகிறது. மருந்தியல் பேராசிரியர் கொட்டேகொடவுடன் சேர்ந்து 1977இல் உரகொட இதை எழுதினார். ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் அந்த ஏழைகள் வாழ்நாள் முழுவதும் மீனை விட்டிருப்பார்கள், அல்லது பயந்துபோய் காசநோய்க் குளிசையை விட்டிருப்பார்கள். மருந்து முடியும்வரை அந்த மீனை மட்டும் தவிர்த்தால் போதும் என்று சொல்ல முடிந்தது.

இவை பழைய கதைகள் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸ் பக்கமும் தேயிலைக் களஞ்சியங்களும் பொதியிடும் இடங்களும் இருக்கின்றன. மலையகத்திலிருந்து வந்து அங்கே அறையெடுத்துத் தங்கி வேலை செய்கிற பெண்கள் அநேகம். அவர்களில் ஒருத்தி பிரெட்னிசொலோன் குளிசையை மாதக்கணக்காக விழுங்கி முகம் ஊதிப்போய் வந்தாள். நாலைந்து முறை வார்டில் இருந்திருக்கிறாள். "வேலை என்னம்மா?" என்றேன். "தேயிலை ஸ்டோருங்க." எந்தத் தேயிலை, எந்தப் பகுதி என்று துருவியதில், ஆறு மாதத்துக்கு முன்பு அவளைக் காய்ந்த பூவும் மூலிகையும் கலந்து பைக்குள் போடும் பகுதிக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. "சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போனப்ப எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ஊருக்குப் போனா லேசாத்தான் இருக்குங்க ஐயா. திரும்பி வந்து மூணாம் நாளு மறுபடி இழுக்குது."

அவள் சொன்ன அந்த ஒரு வரிக்குள்ளேயே நோய் நிர்ணயம் இருந்தது. ஆனாலும் அதை நிறுவ வேண்டும். மார்ட்டின் ரைட் என்ற ஆங்கிலேயர் 1959இல் உருவாக்கிய பீக் ஃப்ளோ மீற்றர் பின்னாளில் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாயாகிவிட்டது. பலமாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். வேலை நாளிலும் லீவு நாளிலும் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை ஊதி எழுதி வரச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பியைக் கோட்டுப்படமாக வரைந்தால், திங்கள் முதல் சனி வரை கீழே சறுக்குகிறது, ஞாயிறு மெல்ல ஏறுகிறது, போயா லீவோடு சேர்ந்து வந்த விடுமுறையில் நன்றாக மேலே போகிறது.

இந்த இடத்தில் வைத்தியம் முடிந்து வேறொன்று தொடங்கும். "தொழில்வழி ஆஸ்துமா" என்று கடிதம் எழுதினால் வேலை போகலாம். எழுதாவிட்டால் நெஞ்சு போகும். நாட்கூலிக்கு வேலை செய்கிறவளுக்கு நட்டஈட்டுச் சட்டம் தூரத்துப் பச்சை. ஆகவே, கடிதத்தில் என்ன வசனம் போடலாம் என்று அவளிடமே கேட்பது என் வழக்கம். "தூசி குறைந்த பகுதியில் வேலை கொடுத்தால் இவரால் லீவு எடுக்காமல் வேலை செய்ய முடியும்" என்று எழுதினோம். முதலாளிமார் நோயைவிட லீவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லேபல் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம்.

துறைமுகத்தை அண்டி வாழும் ஊருக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1981க்கும் 1987க்கும் இடையில் பார்சிலோனா நகரத்தில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆஸ்துமாக்காரர்கள் அலையலையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இப்படி 26 தடவைகள். மழை, காற்று, வாகனப் புகை எல்லாவற்றையும் சந்தேகித்தபின் கண்டுபிடித்தது என்ன? துறைமுகத்தில் சோயா அவரை இறக்கிய நாட்கள்தான் அவை. தானியக் கொள்கலமொன்றில் தூசியைத் தடுக்கும் வடிகட்டி இல்லை. அதைப் பொருத்தியதும் அலை நின்றது. தொழில் தெரியாத, துறைமுகத்தில் கால்வைக்காத நோயாளிக்கும் தூசியின் முகவரி துறைமுகத்தில் இருக்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவரிடம் வேலையோடு வீட்டு விலாசத்தையும் தெருப் பெயர் வரைக்கும் கேட்பது அதற்காகத்தான்.

"வீட்டில சும்மா இருக்கிறன்" என்கிற பெண்களிடம் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார். பேச்சுக் கொடுத்தால், செத்தல், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து யாழ்ப்பாணத்துத் தூள் இடித்து, ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பார்சல் போகிறது! மூன்றாம் மாடி ஃபிளட்டின் குசினி ஜன்னலை மணம் வெளியே போய் அயலவர் தும்முவார்கள் என்று சாத்திவிட்டு வறுக்கிறார். மிளகாயின் காரம் ஒவ்வாமை எதுவும் இல்லாமலே மூச்சுக்குழாயின் நரம்பைத் தூண்டி இருமல் எழுப்பும். ஏற்கெனவே புண்பட்ட குழாயென்றால் கேட்கவே வேண்டாம். வறுக்கும் வேலையை மில்லுக்குக் கொடுத்துவிட்டு, பக்கற் பண்ணுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டார்.

தொழில் இல்லாத தூசியும் உண்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் அதன் பெயர் உண்ணி. 1960களில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் வோர்ஹோஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் வீட்டுத் தூசிக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியே ஒவ்வாமையின் மூலம் என்று காட்டினார்கள். உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சுகிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஒழுங்கைகளில் ஈரத்துக்கு என்ன குறை? இலவம்பஞ்சுத் தலையணை, தும்பு மெத்தை, வருஷத்துக்கொரு தடவை கழுவும் திரைச்சீலை எல்லாம் அதற்கு வாடகை கேட்காத வீடு. ஐரோப்பாவில் ஆதிக்கம் செலுத்தும் உண்ணியோடு வெப்ப நாடுகளுக்கே உரிய புளோமியா இனமும் எங்கள் வீடுகளில் வாழ்கிறது.

தோல் பரிசோதனை செய்ய வேண்டியது இப்படி: முன்கையில் ஒவ்வொரு சாற்றிலும் ஒரு துளி வைத்து, அதனூடாக ஊசிமுனையால் மெல்லக் குத்தி, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மூன்று மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தடித்தால் உடம்பு அந்தப் பொருளை அறிந்துவைத்திருக்கிறது என்று பொருள். தடித்த ஒவ்வொன்றும் நோய்க்குக் காரணம் என்று பொருளல்ல. எதை வைத்துச் சோதிக்கிறோம் என்பதே முக்கியம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பெட்டிகளில் பேர்ச் மரத்து மகரந்தமும் திமோத்திப் புல்லும் முதல் வரிசையில் இருக்கும். பேர்ச் மரத்தைப் படத்திலும் பார்த்திராத வெள்ளவத்தைக் கையில் அதை வைத்து என்ன பயன்? புளோமியாவும் கரப்பானும் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு "ஒவ்வாமை இல்லை" என்று கொழும்பில் யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க நகரங்களின் எட்டு வறிய குடியிருப்புப் பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, கரப்பானுக்கு ஒவ்வாமை இருந்து வீட்டிலும் கரப்பான் மிகுந்திருந்த பிள்ளைகளே அதிகம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்றது. கொட்டாஞ்சேனையின் தோட்டக் குடியிருப்புகளை அறிந்தவர்களுக்கு அது அந்நியமான செய்தியாக இராது.

நுளம்புத்திரி இன்னொரு தலையிடி. ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் உள்ள அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆனால் 2017இல் இந்த நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அந்த வருடம் தொட்டிலுக்குப் பக்கத்தில் திரி கொளுத்திய தாயிடம் சிகரெட் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்த எந்த வைத்தியருக்கும் நா எழாது. "வலை கட்டுங்கோ பிள்ளை, டெங்கு நுளம்பு பகலிலைதான் கூடக் கடிக்கும், குழந்தை பகலில நித்திரை கொள்ளேக்கையும் வலை வேணும்" என்று சொல்லிப் பார்ப்போம். மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் ஒன்றை விடச் சொல்வது அறிவுரைக்குள் சேராது.

போர்க்கால லொட்ஜ்களை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்துக் கிடந்த அறைகள் அவை. ஜன்னல் இல்லாத அறைக்குள் ஐந்து பேர், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, யார் யாரோ படுத்தெழும்பிய மெத்தை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அறுந்த காலத்தில் நெபுலைசரே கண்டிராத தொய்வுக்காரர்கள், அங்கே முற்றத்துக் காற்றில் ஓரளவு சமாளித்துக்கொண்டவர்கள், இங்கே வந்த சில வாரங்களில் மூச்சு முட்டி வந்தார்கள். இரவில் கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இரவுச் சோதனைக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டுப் படுப்பவர்களிடம் காற்றோட்டத்தைப் பற்றி வேறு விதமாகத்தான் பேச வேண்டும். பகலில் மெத்தையை வெயிலில் போடவும், சமையலை மாடிப்படிக்கு நகர்த்தவும் லொட்ஜ் முகாமையாளரிடம் தனியாகச் சொல்லி வைப்பேன்.

அவர்களைத் தொடர்ந்து கவனிப்பது என்பது நடவாத காரியம். விசா கிடைத்தால் போய்விடுவார்கள், கிடைக்காவிட்டாலும் இடம் மாறுவார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆய்வுக் கட்டுரைகளில் "தொடர்கண்காணிப்பில் தவறியவர்கள்" என்று ஒரு நிரல் இருக்கும். அந்த நிரலில் இருப்பவர்கள் அக்கறையற்றவர்கள் என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று. அடுத்த கிளினிக் திகதியை எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், எந்த ஊருக்குப் போனாலும் காட்டக்கூடியதாக ஒரு பக்கத்தில் மருந்தும் அளவும் எழுதிக் கையில் கொடுக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

தூசியின் முகவரி தெரிந்தும் நோய் அடங்காதபோது அடுத்துப் பார்க்க வேண்டியது பம். இலங்கையில் எல்லாருக்கும் இன்ஹேலர் பம்தான். நீலப் பம்மில் இருக்கும் சல்பியூட்டமோல் சுருங்கிய குழாயை உடனே விரிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அழற்சியை ஆற்றுவது பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீரொய்ட். அது உடனே எதையும் செய்து காட்டாது. ஆகவே சனம் நீலத்தை நம்பும், மற்றதை மேசைக்குள் போடும். விரிப்பானை மட்டும் நம்பியதன் விலையை உலகம் பார்த்திருக்கிறது: பிரித்தானியாவில் 1960களில் செறிவு கூடிய ஐசோபிரெனலின் பம் பரவிய காலத்தில் ஆஸ்துமா மரணங்கள் எகிறின. 2019இல்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, பெரியவர்களுக்கு விரிப்பானைத் தனியாகக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று எழுதியது.

ஒரு ரீச்சர், ஓய்வுபெற இரண்டு மூன்று வருடம் இருந்தவர், பம்மைக் கைப்பைக்குள் கைலேஞ்சியால் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். "உதைப் பிடிச்சாப் பழகிப்போயிடும் எண்டு எல்லாரும் சொல்லினம் டொக்டர். மகளுக்கு வேற கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். அம்மாவுக்குத் தொய்வு எண்டு தெரிஞ்சா..." வசனத்தை முடிக்கவில்லை. இதற்குச் சுவாசப்பையின் படத்தைக் காட்டிப் பயனில்லை. ஸ்டீரொய்ட் பம்மைக் காலையும் மாலையும் பல் தீட்டும் இடத்தில் வைக்கச் சொன்னேன். பிடித்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் இடமும் பொருத்தம். வருகிறவர் கண்ணிலும் படாது. ஒழுங்காகப் பிடித்தால் பந்தியில் இருமல் வராது, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மூச்சு இழுக்காது என்றேன். அந்தக் கணக்கு அவருக்கு உடனே விளங்கியது.

இழுக்கும் முறை அடுத்தது. வாயு அடைத்த பம்மை மெதுவாக நீளமாக இழுக்க வேண்டும். தூள் அடைத்த கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அரச கிளினிக்கில் ஒன்றும் வெளியே இன்னொன்றுமாக வாங்குகிறவர்கள் இரண்டையும் மாற்றி இழுப்பார்கள். மருந்து முழுவதும் தொண்டையில் தங்கும். சிறுபிள்ளைகளுக்கு நடுவில் ஒரு குடுவை வேண்டும். அது விலைகூடிய சாமான். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் 1999இல் செய்த ஆய்வொன்று, அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்மின் வாய்க்கு அளவாகத் துளைபோட்டுப் பொருத்தினால் கடைக் குடுவைக்கு ஈடாக வேலை செய்கிறது என்று காட்டியது. காலி வீதியில் வெறும் போத்தலுக்குப் பஞ்சமா? எத்தனையோ தாய்மாருக்கு அதைக் கிளினிக் மேசையில் வைத்தே செய்து கொடுத்திருக்கிறோம்.

தூசியைக் கண்டு, பம்மைத் திருத்தி, அதற்கும் அடங்காமல் நிற்கிறவர்கள் உண்டு. உண்மையான கடுமையான ஆஸ்துமா இவர்களுடையது. பட்டப்பின் பயிற்சிக்காக நான் இங்கிலாந்து போன காலத்தில் இந்தத் துறை தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. இயோசினோபில் என்ற வெண்குழியத்தைப் பெருக்கும் ஒரு சமிக்ஞையை முடக்க மெப்போலிசுமாப் என்ற பிறபொருளெதிரி தயாரித்திருந்தார்கள். முதலில் செய்த ஆய்வுகளில் அது தோற்றது. ஆஸ்துமா என்று பெயர்பெற்ற எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்ததுதான் காரணம். லெஸ்டரில் இயன் பவோர்டின் குழுவும் கனடாவின் ஹமில்டனில் பரமேஸ்வரன் நாயரும் சளியைச் சோதித்து, ஸ்டீரொய்ட் கொடுத்தும் இயோசினோபில் குறையாதவர்களை மட்டும் தேர்ந்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். லெஸ்டரில் 61 பேர், ஹமில்டனில் 20 பேர். 2009இல் இரண்டு ஆய்வுகளும் ஒரே சஞ்சிகையில் வந்தன. தோற்ற மருந்து வென்றது. மாறியது மருந்து இல்லை, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. 2015இல் அது அங்கீகாரம் பெற்றது.

அந்த முறையை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. உப்புநீர் ஆவியைப் பிடிக்கவைத்துச் சளி எடுக்கும் அறையில், காசநோய் இன்னும் உள்ள நாட்டில், இருமுகிறவரால் அடுத்தவருக்கு ஆபத்து. தனிக் காற்றோட்டம் இல்லாமல் செய்யக் கூடாது. சரி, இரத்தத்தில் இயோசினோபில் எண்ணலாம், அது மலிவு. ஆனால் மைக்ரோலீற்றருக்கு 300 என்ற எல்லைக்கோடு குடற்புழு அரிதாகிப்போன நாடுகளில் கிழித்தது. இங்கே பூச்சி இருந்தாலே அந்தக் கோடு தாண்டும். எங்கள் கரையோரத்தில் யானைக்கால் புழு தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதன் குட்டிகளுக்கு எதிராகச் சுவாசப்பை கொந்தளித்தால் இரவில் இருமலும் இழுப்பும், இரத்தத்தில் இயோசினோபில் 3,000க்கு மேல். 1943இல் வைன்கார்ட்டன் இதை இந்தியாவிலிருந்து எழுதி, வெப்பமண்டல இயோசினோபீலியா என்று பெயரிட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென்று அறிவித்த பிறகும், எண்ணிக்கை வானத்தில் நிற்கிற இழுப்புக்காரரைக் கண்டால் நான் முதலில் புழுவைத்தான் விசாரிப்பேன். மூன்று வாரம் விழுங்கும் மலிவான டயஎதில்கார்பமசீன் குளிசை தீர்க்கக்கூடிய நோய்க்கு வாழ்நாள் ஊசி எழுதுவது பாவம்.

எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சிய ஒரு இளைஞனைச் சொல்கிறேன். வங்கி உத்தியோகம், சுத்தமான அறை. மூக்குக்குள் சதை வளர்ந்து இரண்டு தடவை வெட்டியாயிற்று, மணம் தெரியாது, தலையிடிக்கு அஸ்பிரின் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சு அடைக்கும். ஆஸ்துமா, மூக்குச் சதை, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்து வருவதை 1922இலேயே பிரான்சில் விடால் எழுதிவிட்டார். பம் பிழையில்லை, புழு இல்லை, தூசி இல்லை. அவனுக்கு மெப்போலிசுமாப் ஊசி வேண்டும். அந்த ஊசியின் மாதச் செலவு அவனுடைய சம்பளத்துக்கு மேல். வெளிநாட்டிலுள்ள தமக்கை சில மாதம் அனுப்பினாள், நன்றாக இருந்தான். பிறகு இடைவெளி விழுந்தது. யாருக்கு எந்த இடைவெளியில் கொடுத்தால் குறைந்த காசில் ஆஸ்பத்திரியைத் தவிர்க்கலாம் என்ற கேள்வியை மருந்தைத் தயாரிப்பவர்கள் கேட்பதற்குக் காரணம் இல்லை. எங்களுக்குத்தான் இருக்கிறது.

2022இல் நாட்டில் டொலர் வற்றியபோது அந்த ஊசி மட்டுமல்ல, சாதாரண மருந்துகளும் பாமசிகளில் தட்டுப்பட்டன. சமையல் எரிவாயு இல்லாமல் ஃபிளட் பல்கனிகளில் விறகு எரிந்தது. அந்த மாதங்களில் வந்தவர்களிடம் வேலையைக் கேட்பதற்கு முன் அடுப்பைக் கேட்டேன். இருக்கிற பம்மை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது, முந்திய வருடங்களில் ஒவ்வொருவரின் தூசியையும் கண்டுபிடித்து வைத்திருந்தது கைகொடுத்தது. தூசியை விலக்க முடிந்தவர்களுக்கு மருந்தைக் குறைத்து, விலக்க முடியாதவர்களுக்கு மிச்சம் பிடித்தோம்.

மலிவானது என்பதால் ஆராய்ச்சி சின்னதாகிவிடாது. பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றும்போது ஏற்படும் ஒவ்வாமை அதிர்ச்சி எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரிகளின் பழைய பயம். அசித்த டி சில்வாவும் சகாக்களும் 1,007 நோயாளர்களை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன் தோலுக்குக் கீழே கால் மில்லிகிராம் அட்ரினலின் போட்டால் முதல் மணித்தியாலத்தில் வரும் கடுமையான எதிர்விளைவு 43 சதவீதம் குறைகிறது என்று காட்டினார்கள். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டு வந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசீனும் பயன் தரவில்லை. எந்த வார்டிலும் கிடக்கும் ஒரு சிறிய குப்பி போதுமாக இருந்தது. பாம்பு கடிக்கிற நாட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்கள் ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால், பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைப் பாலம் வரை காலி வீதியில் நடந்துவிட்டு வரச் சொல்வேன். மணப்பெண் அலங்கார சலூன்களில் முடியை வெளுக்கப் பயன்படும் பெர்சல்பேற் தூள் ஆஸ்துமா உண்டாக்கும். பேக்கரிகளில் மா. ஒழுங்கைக்குள் ஓட்டோவுக்குப் பெயின்ற் அடிக்கிற இடங்களில் ஐசோசயனேற், இந்த வரிசையிலேயே பொல்லாதது. குஷன் தைப்பவன் கையில் பழைய பஞ்சு. புதிதாக எழும்பும் மாடிகளில் சீமெந்து. உரகொட எழுதிய பட்டியலில் கறுவாவும் கயிற்றுத் தும்பும் இருந்தன; இந்தத் தெருவின் பட்டியலை எழுத வேண்டியது இப்போது இருப்பவர்கள். பீக் ஃப்ளோ மீற்றர் சிலதும் கொப்பியும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால் தொடங்கலாம். முதலாளி இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள், அவர்கள் வேலையைக் கெடுக்காமல் ஓரமாக நின்று பாருங்கள், பெயரை எங்கும் எழுதாதீர்கள், கண்டுபிடித்ததை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் நான் கொடுக்கிற ஆய்வு முறையியல்.